அப்பாவின் கல்லில் கீழ்ப்பாதி

அன்புள்ள கெட்லினுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நானும் நாயும் சுகம், இரண்டு பேரில் நாய் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன், வைத்துக்கொள்ளத்தான் முடியும், மகாராணி போனை எடுப்பதில்லையே. அதனால்தான் இந்தக் கடிதம், மணி அடிக்கும்போது அமுக்கி வைக்க இதில் பொத்தான் கிடையாது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, நான் மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவள், மேரிபோர்ட்டில் மழைக்குக் குறைச்சல் இல்லை என்பதால் ஏதோ இவ்வளவாவது வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். இரண்டு வருஷம் இங்கிலீஷ் இலக்கியம் படித்தும் அப்பாவின் கல்லறைக் கல்லுக்கு ஒரு வரி எழுத வரவில்லை, பிறகு எதற்கு இந்தப் படிப்பு, மாசக் கடைசியில் காலேஜை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வந்து என்ன செய்வாய், என்னோடு பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பாயா, நீ உரித்தால் தோல்தான் மிஞ்சும். எல்லாம் உன் அத்தை ஜானிஸ் ஆரம்பித்து வைத்தது. மார்ச்சில் அப்பாவைப் புதைத்த அன்றே, மண் அமர்ந்து கல் வைக்க இன்னும் ஆறு மாசம் இருக்கும்போதே, சாண்ட்விச் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இங்கிலீஷ் படிக்கிற புள்ள வீட்டுலயே இருக்கு, கல்லுக்கு வாசகம் அவளே எழுதட்டும்" என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன், அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன். இப்போது அக்டோபர் ஆகிவிட்டது, கல் வெட்டுகிற பர்னார்ட் வந்து வந்து போகிறார். நீ எழுதவில்லை என்றதும் ஜானிஸ் தானே ஒன்று எழுதிக்கொண்டு வந்தாள், அதில் தேவதை, தங்க வாசல், நட்சத்திரம் எல்லாம் வருகிறது, மேலே அப்பா ஓட்டிய பஸ்ஸின் படம் வேறு. பஸ் படமெல்லாம் நம் சர்ச் கல்லறையில் ஆகாது என்று பெண் பாதிரியார் சொல்லிவிட்டார். உன் அப்பா தேவதையைப் பார்த்தால் "சில்லறையா குடும்மா" என்றுதான் கேட்பார்.

நேற்று சமையலறையில் சூடான அடுப்புத் தட்டை வெறுங்கையால் பிடித்துவிட்டேன். கூட வேலை செய்கிற கிளெண்டா அலறிய பிறகுதான் கையைப் பார்த்தேன். குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு "ரொம்ப வலிக்குதாடி?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், தெரியலையே என்றேன். "உனக்கு இருக்குறது கையா கரண்டியா?" என்று திட்டிக்கொண்டே கட்டுப் போட்டாள். பயப்படாதே, சின்னக் கொப்புளம்தான். எதற்குச் சொல்கிறேன் என்றால், மார்ச்சிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. டிவியில் முழு நாடகமும் பார்க்கிறேன், முடிந்த பிறகு யார் யாரைக் கொன்றார்கள் என்று கேட்டால் தெரியாது. கடைக்குப் போனால் அவருடைய பீட்ரூட் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வந்துவிடுகிறேன், எனக்கு அது ஆகாது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அழுகை இன்னும் வரவில்லை, ஜானிஸ் எனக்கும் சேர்த்து அழுகிறாள். உனக்கு எழுத வரவில்லை, எனக்கு அழ வரவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதற்காக நான் கண்ணைக் குறை சொல்லவில்லை, நீ ஏன் படிப்பைக் குறை சொல்கிறாய்.

நீ காலேஜில் சேர்ந்தபோது டிப்போவில் அப்பாவை எப்படிக் கிண்டல் செய்தார்கள் என்று உனக்குத் தெரியாது, எனக்கே போன வாரம் கடையில் டெர்ரி சொல்லித்தான் தெரியும், அவரோடு பஸ் ஓட்டிய அதே டெர்ரிதான். "பொறந்ததுலேர்ந்து இங்கிலீஷ்தான பேசுது உம் பொண்ணு, அதை உக்காந்து வேற படிக்குதா, இன்னுமா வரல?" என்று தினமும் கேட்பானாம். அப்பாதான் பேச்சுக்குக் கஞ்சராயிற்றே, தேநீரை முழுசாகக் குடித்து முடித்துவிட்டு, "வரும்டா. உன் பஸ்ஸே வந்து சேருது, அது வராதா" என்பாராம். இதைச் சொல்லிவிட்டு டெர்ரி ரொட்டி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான், ரொம்ப நேரம் ரொட்டி பார்த்தான்.

இன்றைக்குக் காலையில் பர்னார்டிடம் சொல்லிவிட்டேன், மேலே பெயரும் வருஷங்களும் மட்டும் வெட்டுங்கள், கீழ்ப்பாதியைச் சும்மா விடுங்கள் என்று. ஜானிஸ் விடுவாளா, "பாதியில விட்ட மாதிரி இருக்குமே அண்ணி" என்றாள். "பாதியிலதானடி விட்டுட்டுப் போனாரு" என்றேன். அவள் டீக்குக் கெட்டிலை வைக்க எழுந்து போனாள். கல் நின்ற இடத்திலேயே பிறகு எப்போது வேண்டுமானாலும் வெட்டலாமாம். நீ எழுதினால் அங்கே வெட்டுவோம், எழுதாவிட்டாலும் குடி முழுகாது, ஒரு நாள் எனக்கும் அதில் இடம் வேண்டுமே. எனக்கு அவசரம் இல்லை, உனக்கும் வேண்டாம். அதனால் காலேஜை விட்டு வராதே. பேராசிரியர் பேசுவது காதில் ஏறாவிட்டாலும் வகுப்பில் போய் உட்கார், நான் டிவி முன்னால் உட்காருகிறேனே அதுபோல. கிறிஸ்துமஸுக்கு வா, அந்த ஊறுகாயெல்லாம் நீதான் தின்று தீர்க்க வேண்டும்.

குளிருக்குக் கழுத்தை மூடிக்கொள், காலையில் ஏதாவது சாப்பிடு. கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார், அவர் கண் அசந்தால் நான் இருக்கிறேன். இதைப் படித்ததும் போனை எடு, பேச வேண்டாம், எடுத்தால் போதும். இத்தோடு நிறுத்துகிறேன், இவ்வளவு எழுதியதில் கட்டு நழுவிவிட்டது, அந்தக் கொப்புளம் இப்போதுதான் எரிய ஆரம்பிக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா கேய்னர்