மறப்பதற்கு ஒரு புத்தகம்

24.9.2012
இன்று முதியோர் எழுத்து வகுப்பில் மடத்துச் சிஸ்டர் என் நோட்டில் ‘சரி’ போட்டார். எழுபத்திரண்டு வயதில் ஒரு சரி! இந்த நான்கு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. என் பெண்சாதி நேசம்மாள் எட்டிப் பார்த்து, “நீரு எழுதி முடிக்குமுன்ன சோறு பழசாயிரும்” என்றாள். பொறாமை.

29.9.2012
திங்கட்கிழமை செபமாலை மாதம் தொடங்குகிறது. தினமும் ஒரு வீட்டில் கூடுவோம். மாதாவின் பெயர்களை ஒவ்வொன்றாக நான் சொல்ல, தெருவே “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்னும். ஐம்பது சொச்சம் பெயர்கள், நாற்பது வருடம், எல்லாம் காதால் கேட்டது. இந்த வருடம் புத்தகம் பார்த்து வாசிக்கப்போகிறேன். மாதாவும் கொஞ்சம் மரியாதை எதிர்பார்ப்பாள் அல்லவா?

2.10.2012
எழுத்துக் கூட்டி வாசித்தேன். பூங்கனி வீட்டுப் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். பூங்கனியும்தான். செபம் சொல்லும் என் இடத்தின்மேல் முப்பது வருடமாகக் கண் வைத்திருக்கும் எதிர்வீட்டு ஜான்ரோஸ், “ஓய், மாதா இன்னொருக்கா பரலோகம் போயிட்டு வந்திருவா, அம்புட்டு நேரம்” என்றான்.

4.10.2012
புத்தகத்தை மூடிவிட்டுப் பழையபடி சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, பெயர் வரவில்லை. கண்ணுக்குள் வெறும் கொம்பும் காலும் புள்ளியும். ஜான்ரோஸ் தொடர்ந்தான். எட்டுப் பெயர்களை விழுங்கினான், என் காதைத் தவிர ஒருவரும் கவனிக்கவில்லை. இனி அவனே சொல்லட்டும் என்றாராம் பங்குச் சாமியார். எனக்கு வயதாகிவிட்டதாம்.
போச்சு. நாப்பது வருசம் — போச்சா? எனக்கு மறதி நோயா?

5.10.2012
பேத்தி அபினா செவிலியர் கல்லூரியில் முதல் வருடம். உளவியல் புத்தகம் வைத்திருக்கிறாள். “நோயெல்லாம் இல்ல பாட்டா. தானா ஓடுற வேலைய உத்துப் பாத்தா தடுமாறும். படி இறங்கும்போ காலப் பாத்து எண்ணுங்க, தெரியும்.”
எண்ணினேன். முட்டியில் காயம். நல்ல பாடம்.
“அப்போ எழுத்த மறந்தா பேரெல்லாம் திரும்ப வருமாட்டி?”
“எழுத்த மறக்க இதுல வழி சொல்லல்ல பாட்டா.”
நல்லவேளை. சொல்லியிருந்தாலும் மறந்திருக்க மாட்டேன்.

8.10.2012
நேசம்மாள் மீன் செதில் உரசிக்கொண்டே முணுமுணுத்தாள். மாதாவின் பெயர்கள்! ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்தேன். மறுபடி முதலிலிருந்து மெதுவாகச் சொல்லச் சொல்லி, விரல் வைத்துச் சரிபார்த்தேன். ஒன்றுகூட விடவில்லை.
“எப்படிட்டி படிச்ச?”
“ஆரு படிச்சா? நாப்பது வருசம் பதில் சொல்லியிருக்கேன். காது சும்மா இருக்குமா?”
இதற்கும் அபினாவின் புத்தகத்தில் ஒரு பாடம் உண்டாம். உள்ளே இருக்கும், யாராவது கேட்கும்வரை வெளியே தெரியாத படிப்பு. நாற்பது வருடமாகக் கேட்காத அந்த மகா அறிவாளி நான்தான்.

9.10.2012
ஜான்ரோஸ் விழுங்கிய எட்டுப் பெயர்களையும் புத்தகம் பார்த்து என் கையால் எழுதிச் சாமியாரிடம் கொடுத்தேன். கீழே ‘நேசம்மாளுக்கு எல்லாம் தெரியும்’ என்றும் எழுதினேன். சாமியார் இரண்டு முறை வாசித்துவிட்டு, “இது நீரு எழுதினதா?” என்றார். என் வாழ்நாளில் கேட்ட மிக இனிமையான சந்தேகம். அது தீர்ந்ததும், இனி நேசம்மாளே சொல்லட்டும் என்றார்.
வெளியே ஜான்ரோஸ்: “இந்தத் தெருவுல பொம்பள சொல்லுததா?”
“மாதா ஆம்பளையா ஓய்?” என்றேன்.

12.10.2012
இன்று சொர்ணம்மாள் வீட்டில் நேசம்மாள் சொன்னாள். நான் கடைசி வரிசையில், புத்தகத்தில் விரலோடு. அவள் வேகத்துக்கு விரல் ஓடவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாசித்து முடித்து நான் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்னும்போது தெரு சொல்லி முடித்திருந்தது. ஜான்ரோஸ் சிரித்தான்.
நாலாவது பெயரிலிருந்து, என் குரல் அடங்கும்வரை காத்திருந்துதான் நேசம்மாள் அடுத்ததைச் சொன்னாள்.