திருகில் வைத்த பாதிப் பொட்டு

அன்பான பாவா,

நலமா என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் தாலி கட்டிய என் அக்கா நன்றாக இருக்கிறாள். உங்கள் சைக்கிளை மட்டும் யாரையும் தொட விடமாட்டேன் என்கிறாள். கனகம்மாசத்திரம் நூல் மில்லில் நீங்கள் பார்த்த எலக்ட்ரீஷியன் வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.

உங்கள் சாவுக்குக் காரணம் கவனக்குறைவு என்று ஆபீசில் எழுதி வைத்தார்கள். கரண்ட் ஓடும்போதே மோட்டார் பேனலைத் திறந்தீர்களாம், ஸ்பேனர் நழுவியதாம். மில்லை நிறுத்த விடாத இடத்தில் எல்லாரும் அப்படித்தான் திறந்தார்கள். ஆனால் பொறி பறந்ததுமே மெயின் ஸ்விட்ச் தானாக விழுந்து கரண்டை அறுத்திருந்தால் கை சுட்டதோடு போயிருக்குமே? அது விழாமல் நின்று நெருப்பை ஊட்டிக்கொண்டே இருந்ததே, ஏன்?

மறுநாள் உங்கள் டிபன் டப்பாவை எடுக்கப் போனபோது மெயின் பேனலைப் பார்த்தேன். அது ஒரு மூலையில் கருகாமல் நின்றது. மெயின் எவ்வளவு சீக்கிரம் விழ வேண்டும் என்று வைக்கிற சின்னத் திருகு அதில்தானே இருக்கிறது? ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தீர்கள். உங்கள் கட்டைவிரல் பெரிது, பாதிப் பொட்டு திருகிலும் பாதி தகட்டிலும் விழுந்தது. அன்று பார்த்தால் இரண்டு பாதியும் ஒன்றுசேரவில்லை. பூஜைக்குப் பிறகு யாரோ திருகித் தாமதத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

சூப்பர்வைசர் ராஜமாணிக்கம் மேல்தான் எனக்குச் சந்தேகம். புது மோட்டார் கிளம்பும்போதெல்லாம் மெயின் விழுகிறது என்று கத்தியவர் அவர். இத்தனை வருஷமாக அவர் வாங்கித் தந்த டீயைக்கூட நான் குடிக்கவில்லை.

போன மாதம் ரிட்டயர் ஆனார். கேட்டிலேயே மறித்துக் கேட்டுவிட்டேன்.

"ஏதாச்சும் பண்ணுன்னு நான் சொன்னது நெசம்தான்பா. திருகினது உன் பாவா. ஒரு வாரம் ஓட்டிகினு அப்புறம் பழையபடி வெச்சிடறேன்னாரு. அவரும் மறந்துட்டாரு, நானும் மறந்துட்டேன்."

"செத்தவரு மேல பழி போட்டுகினு போறீங்களா?"

"ஆங், அப்படியே வெச்சிக்கோ."

என் முகத்தைப் பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார். பொய்தானே பாவா? நீங்களா திருகினீர்கள்?

அப்போது மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். "இன்னா பாவா, நின்னு நின்னு போவுது, ஏதாச்சும் பண்ணுங்க" என்று தினமும் நச்சரித்ததும் நான்தான். அவர் சொல்லித் திருகினீர்களா, எனக்காகவா?

உங்கள் வேலை என் கைக்கு வந்ததுமே அந்தப் புது மோட்டாருக்கு மெல்லக் கிளம்புகிற ஸ்டார்ட்டர் போட வைத்துவிட்டேன். திருகைத் திருப்பித் தாமதத்தைக் குறைத்துக் கண்ணாடி மூடி போட்டுப் பூட்டினேன். சாவி என் அரைஞாணில் இருக்கிறது. பொட்டு மட்டும் உங்கள் மாதிரியே பாதிப் பாதியாக வைத்திருக்கிறேன். தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன், ஏனென்றால் யாரையும் நம்புவதில்லை, சாவி வைத்திருக்கிற என்னையும்.

திருத்தணி மலையைப் பார்த்துச் சொல்கிறேன் பாவா. யார் கத்தினாலும் கரண்டை நிறுத்தாமல் ஒரு கதவையும் திறக்க மாட்டேன், திறக்க விடவும் மாட்டேன். நம் மில் தொழிற்சங்கம் போடுகிற மலரில் இந்தக் கடிதம் அச்சாவதற்கு முன்னால், நான் நச்சரித்ததை அக்காவிடம் நானே சொல்லிவிடுவேன்.

அன்று உங்களை அவசரப்படுத்திய
உங்கள் மச்சினன்
தணிகாசலம்