சுருட்டைக்குக் கிடைக்கிற குரல்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தினமும் ஒரு சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பாகவே இருக்கிறோம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கண்ணுக்கும் முதுகுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுத்து நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். கையில் போன் இருக்கும்போது எதற்கு அம்மா கடிதம் என்று கேட்பாய். காரணம் இருக்கிறது, அவசரப்படாதே, சொல்கிறேன். அப்பா பஸ் ஓட்டுவதை நிறுத்தியதிலிருந்து வீட்டை டிப்போ மாதிரி நடத்துகிறார், சமையலறை வாசலில் ஒரு நாற்காலி கிடந்தால்கூட வழியை மறித்து நிறுத்தியது யார் என்று விசாரணை. போன வாரம் ஒழுகாத குழாயை ஒழுக வைத்துவிட்டு, குழாய்க்காரர் வந்து சரி செய்தபோது பக்கத்தில் நின்று அவருக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நீ முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டாய் என்று கேள்விப்பட்டதும் ஒரு நாள் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் முடிதானே, வளரும் என்று அவரே சமாதானமானார். ஆனால் எனக்கு ஆறவில்லை. முடியை வெட்டியதற்காக இல்லை. அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குச் சுருட்டை வழியாக வந்ததற்காக.

சுருட்டையை உனக்குத் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும், ஆனாலும் என் பக்கத்துக் கதையை ஒரு தடவை கேள். சலவைக்கூடத்தில் ரோலர் மெஷினில் எனக்கு ஜோடி அவள்தான், முடியைப் பார்த்து நாங்கள் வைத்த பேர் அது. ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வருகிற விரிப்புகளை அவள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்துச் சுருக்கம் விழாமல் அந்தச் சூட்டு உருளைக்குள் விட வேண்டும். அவளுக்கு வலிப்பு வருவது எனக்கு மட்டும்தான் தெரியும். உடை மாற்றுகிற அறையில் ஒருமுறை விழுந்துவிட்டு, எழுந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா என்று அழுதாள், நானும் சொல்லவில்லை. வேலை செய்கிற இடத்தில் நோயை மறைத்துக்கொண்டு பயந்து பயந்து இருப்பவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன், அப்படி யாராவது பேச வருவார்களா அம்மா என்று லீவுக்கு வந்திருந்த நீ கேட்டபோது, வேண்டவே வேண்டாம் என்றவளை, என் மகளிடம் பேசினால் மனசு லேசாகும் என்று பிடித்துத் தள்ளியது நான்தான். என் விரலால் என் கண்ணையே குத்திக்கொண்டேன். அவள் என்னடி சொன்னாள் என்று கேட்டதற்கு, அது ரகசியம்மா, சொல்லக் கூடாது என்றாய். உன்னைப் பெற்று வளர்த்தவளிடம் ரகசியம், நேற்று வந்தவளோடு மணிக்கணக்காகப் பேச்சு. சரி, படிப்பு சம்பந்தமானது, முடிந்துவிடும் என்று பொறுத்தேன். உன் ஆராய்ச்சி முடிந்தது, கட்டுரையும் வந்தது, உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மட்டும் முடியவில்லை.

திங்கட்கிழமை வந்தாலே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மேலங்கியை மாட்டும்போதே, அக்கா, உங்க பொண்ணு சொன்னா என்று தொடங்குவாள். நீ வீடு மாறியதை அவள் சொன்னாள், ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பதை அவள் சொன்னாள், உன் பேராசிரியர் கூட்டத்தில் உன்னைப் பாராட்டியதையும் அவளே சொன்னாள். என் மகளைப் பற்றி எனக்கு வகுப்பெடுக்க ஒருத்தி. ஆமாம், ஆமாம், எனக்குத் தெரியுமே என்று பொய் சொல்லிவிட்டு, விரிப்பை வேண்டுமென்றே ஒரு இழுப்பு கூடுதலாக இழுப்பேன், அவள் தடுமாறி இரண்டடி வருவாள், அதில் ஒரு அற்ப சந்தோஷம். அவள் முகம் வேறு நாளுக்கு நாள் தெளிந்துகொண்டே வந்தது, முன்பெல்லாம் யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே திடுக்கிடுவாள், இப்போது நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்கிறாள். என் மகள் கொடுத்த தைரியம் என்று பெருமைப்பட வேண்டிய இடத்தில், எனக்கு வர வேண்டியதை அவள் தூக்கிக்கொண்டு போகிறாள் என்றுதான் தோன்றியது. அப்பாவிடம் புலம்பினேன். அவர் செய்தித்தாளிலிருந்து முகத்தை மட்டும் நிமிர்த்தி, உனக்கும் ஏதாவது ஒரு வியாதி வரட்டும், உன்னையும் உட்கார வெச்சுக் கேப்பா என்றார். அன்றைக்கு அவருக்குக் காப்பியில் சர்க்கரை போடவில்லை.

இப்படி இருக்கையில்தான் போன மாதம் எல்லோர் முன்னாலும் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, ரோலரை விட்டு விலகித் தண்ணீர் குடிக்கப் போன சமயம். மடிப்பு மேசைக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்து உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஒருத்தி அலறினாள், ஒருத்தர் வாயில் கரண்டி வைக்க ஓடி வந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டு, தலைக்கடியில் துவாலையை மடித்து வைத்து, சுற்றி நின்ற தள்ளுவண்டிகளை விலக்கி, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று நீ அவளுக்குச் சொல்லி, அவள் எனக்குச் சொன்னது. அந்த நேரத்திலும், இதைக்கூட என் மகள் என்னிடம் நேராகச் சொல்லவில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது பார், மனசு அவ்வளவு மோசமானது.

மறுநாள் மேனேஜர் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டினார். அவளை நிறுத்திவிடலாம் என்பது அவர் எண்ணம், அவள் நல்லதுக்குத்தான் என்றாராம். சுருட்டை எழுந்து நின்றாள். எனக்கு வலிப்பு இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன், ரோலர்ல நிக்க எனக்கே பயம், சொன்னா வேலை போயிடும்னுதான் சொல்லல, மடிப்பு மேசையில போடுங்க, யாருக்கும் குறையாம வேலை செய்வேன் என்றாள். எனக்கு எதிரில் நின்று வாயைத் திறந்து தெளிவாகப் பேசியதால் ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. அந்தத் தைரியம் நீ கொடுத்தது என்று தெரிந்து, அழுகையும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. அப்போது மேனேஜர் என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். அவர் எப்போதுமே வாய்க்குள்ளேயே பேசுகிற மனிதர், மீசை வேறு. நான் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, ஆமாம் சார், ஆமாம் என்று தலையாட்டினேன்.

பக்கத்தில் இருந்தவள் என்னைவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். சுருட்டை என்னைப் பார்த்தாள். அவர் கேட்டது, இவங்க பக்கத்துல நின்னு வேலை செய்ய உங்களுக்குப் பயமா இருக்கா என்று. அது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததுமே ஏதோ பெரிய தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. இப்போது உனக்கும் புரிந்திருக்கும். அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. இடது காது ரொம்ப நாளாகவே போய்விட்டது, வலது காதும் மெஷின் இரைச்சலில் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. உதட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். காது மந்தமானவளை மெஷினில் விட மாட்டார்கள், செவிடி என்று பட்டப்பெயர் வைப்பார்கள், எங்கள் இடத்தில் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் சுரண்டினாலும் போகாது. இது அப்பாவுக்கே சரியாகத் தெரியாது, நான் அவர் பேச்சை மதிப்பதில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். சுருட்டைக்கு மட்டும் தெரிந்திருந்தது. அக்காவுக்குக் கேக்கல சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாளே தவிர, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் எழுந்து, சார், எனக்குக் காது சரியா கேக்காது, நீங்க கேட்டது எனக்குப் புரியல, என்னைப் பாத்து மறுபடியும் கேளுங்க என்றேன். அவர் மறுபடி கேட்டார், இந்தத் தடவை மெதுவாக. பயமா, அவ பக்கத்துல நிக்கிறதாலதான் நான் இத்தனை வருஷம் இங்க நிக்கிறேன், எச்சரிக்கை மணி அடிச்சா எனக்குக் கேக்காது, அவதான் விரிப்பு முனையைச் சுண்டி எனக்குச் சொல்லுவா என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது, நான் பொறாமையில் இழுத்த அதே துணி வழியாகத்தான் அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். மேனேஜர், மேலிடத்துல கேக்கணும் என்று எழுந்து போனார். அவர் போனதும், சலவை வண்டி ஓட்டுகிறவர் என்னைப் பார்த்து மெதுவாக, எனக்கும் சர்க்கரை இருக்கு, நடுவுல சாப்பிட விடாததால ரெண்டு தடவை மயக்கம் வந்துச்சு என்றார். அதுவரை யாருக்கும் தெரியாது.

மேலிடத்திலிருந்து பதில் வர நாளாயிற்று, அதுவரை நாங்கள் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் அவளை மடிப்பு மேசைக்கு மாற்றினார்கள், எங்கள் மெஷினில் மணியோடு ஒரு சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறார்கள். செவிடி என்று ஒருத்தி சொல்லத்தான் செய்தாள், உதட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வலித்தது. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. சுருட்டை இப்போது மடிப்பு மேசையில் ஒரு குட்டைப் பெண்ணோடு சேர்ந்து என்னவோ சொல்லிச் சிரிக்கிறாள், என் ஜோடியை அந்தக் குட்டைப் பெண் கொண்டுபோய்விட்டாள் என்று இப்போது அவள் மேலேயும் பொறாமை. இது என் ஜாதகத்திலேயே இருக்கிறது போல.

இனி கடிதத்துக்கான காரணம். நீ போனில் கூப்பிடும்போதெல்லாம், சரி சரி, வேலை இருக்கு, வச்சிடறேன் என்று நான் சீக்கிரமாக வைத்துவிடுவேனே, எனக்கு வேலையும் இல்லை, ஒன்றும் இல்லை. போனில் உதடு தெரியாது, கண்ணு. உன் பேச்சு ஒரு வண்டு ரீங்காரம் மாதிரிதான் வரும், இரண்டு கேள்விக்கு மேல் சமாளிக்க முடியாது. ஊரில் அத்தனை பேர் மறைத்ததையும் கேட்டு எழுதுகிற என் மகளிடம் நான் இதை எப்படிச் சொல்வேன் என்று வெட்கம். உன் நேரம் அவளுக்குக் கிடைத்ததற்காக நான் அவ்வளவு எரியவில்லை. உன் குரல் அவளுக்குக் கிடைத்தது. அதுதான். நீ சிரித்துக்கொண்டே பேசுவாய் என்று அவள் சொன்னபோது, அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வந்தது நீ பள்ளிக்கூடம் போன காலத்துச் சிரிப்புதான்.

அப்பா கூட்டிப்போய்க் காதைச் சோதித்தாயிற்று. புதன்கிழமை காதுக் கருவி வைத்து அனுப்பினார்கள். முதலில் எல்லாம் தகரத்தில் கல் போட்ட மாதிரி இருந்தது, இன்றைக்குக் கொஞ்சம் பழகியிருக்கிறது. உன் அப்பா முகம் மழிக்கும்போது பாடுகிறார் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது, சகிக்கவில்லை, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, நீ கேட்கிற மாதிரியே உன்னையும் பொறுமையாகக் கேட்க நாலு பேர் சுற்றி இருக்க, நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காலுறை போட்டுக்கொள், ராத்திரிச் சாப்பாட்டை ரொட்டியோடு முடித்துக்கொள்ளாதே. முக்கியமாக ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் என்னைக் கூப்பிடு, மற்றவர்கள் எல்லாம் அப்புறம். கத்த வேண்டாம், சாதாரணமாகவே பேசு. எவ்வளவு நேரமானாலும் நான் போனை வைக்க மாட்டேன். நீதான் வைக்க வேண்டும்.

உன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா