கல்யாணச் சர்க்கரை போட்ட பீர்

இஸ்ஃபஹான்
மெஹர் 12, 1368 (ஈரானியக் கணக்கு; அக்டோபர் 1989)

என் கண்ணான ஹாஸ்மிக்குக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. தொலைபேசியில் பேசப் பயம். அதனால்தான் நீ தைக்க வேண்டிய துணிக்குள் இதைச் சுருட்டி அனுப்புகிறேன். என் மகனுக்கு வைக்கப்போகும் கல்யாண விருந்துக்கென்று உன் புருஷன் கார்னிக் காய்ச்சிய பீரை எங்கள் சமையலறையில் புட்டிகளில் அடைத்தோமே, இன்று அதில் ஒன்று வெடித்துவிட்டது. சுவரெல்லாம் கண்ணாடி. மேல்வீட்டு எஃபத் இறங்கி வந்து, "என்னம்மா சத்தம்? ஈராக் போர்தான் முடிஞ்சுபோச்சே!" என்றாள். "குக்கர் மூடி பறந்துடுச்சு" என்று சிரித்து வைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றாள்.

கார்னிக்கிடம் சொல்லாதே. நிக்காஹ் அன்று மணமக்கள் தலைக்கு மேல் பிடித்த துணியில் உரசி உதிர்த்த சர்க்கரைக் கட்டியின் தூளை எடுத்து வைத்திருந்தேன். அவர் திரும்பிய நேரம் பார்த்துப் புட்டிக்கு ஒரு பிடி போட்டேன். பிள்ளைகள் வாழ்க்கை இனிக்கட்டுமே என்றுதான். இப்போது மீதிப் புட்டிகள் இருக்கும் அலமாரிப் பக்கம் யாரையும் விடாமல் கதவைப் பூட்டி வைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும், சொல்லடி.

உன் ஃபரங்கீஸ்

ஜுல்ஃபா
மெஹர் 13

அன்புள்ள பைத்தியமே,

சொல்லாமல் எப்படி இருப்பது? சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு சின்னக் கரண்டிதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஆசீர்வாதத்தைப் புட்டிக்குள்ள அடைச்சா வெடிக்காம என்ன பண்ணும்?" என்று கத்தினார்.

ஈரக் கம்பளியால் மூடி, ஒவ்வொன்றாக மூடியைத் தளர்த்தி, ஒரு சொட்டு விடாமல் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். ஆர்மீனியக் கிறிஸ்தவர்கள் நாங்கள் எங்களுக்காகக் காய்ச்சினால் யாரும் கேட்பதில்லை. முஸ்லிம் வீட்டுக்குக் கொடுத்தது தெரிந்தால் கார்னிக் எனக்குத் திரும்பக் கிடைக்க மாட்டார். உன் வீட்டுக்காரர் மன்சூரிடம் ஜாக்கிரதையாகச் செய்யச் சொல்.

உன் ஹாஸ்மிக்

இஸ்ஃபஹான்
மெஹர் 16

ஹாஸ்மிக்,

நீ சொன்னபடியே நானும் மன்சூரும் ஊற்றினோம். சாக்கடை வழியாக வாடை முற்றமெல்லாம் ஏறியது எங்களுக்குத் தெரியவில்லை. எஃபத் சொன்னாளோ வேறு யாரோ, இன்று மதியம் ஒழுக்கக் காவல்படை ஆட்கள் வந்துவிட்டார்கள். காலிப் புட்டிகள் சிக்கின.

"எந்த ஆர்மீனியன் குடுத்தான்? பேரைச் சொல்லு, விட்டுடறோம்" என்று என் புருஷனைப் பிடித்து உலுக்கினார்கள்.

"எவனும் குடுக்கல. நானேதான் காய்ச்சினேன்" என்றார்.

கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விருந்து நின்றுபோயிற்று. நாளை என்னையும் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கார்னிக்கின் பெயர் மன்சூர் வாயிலிருந்து வராது. என் வாயைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. என் கண்முன் அவரைச் சவுக்கால் அடித்தால் சொல்லிவிடுவேன், ஹாஸ்மிக். நிச்சயம் சொல்லிவிடுவேன்.

இன்றே கார்னிக்கைக் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடு. எங்கே போகிறாய் என்று எனக்கு எழுதாதே.

ஃபரங்கீஸ்