வாசித்த பிறகு ஜெபம்

ஜூன் 9, திங்கள்

விடியலிலிருந்து சாரல். துணி காயவில்லை. காலை 11 இரணியலில் மகளிர் குழு.

புஷ்பம் லட்டோடு வந்தாள். வெள்ளிக்கிழமை வீட்டு வேலைக்குக் கல்ஃப் போகிறாள். நேற்று ஆராதனையில் அவள் விசாத் தாளைப் பீடத்தில் வைத்துப் போதகர் ஜெபித்தார். சபை முழுதும் ஆமென், என் குரல்தான் உரக்க. ஒருத்தரும் தாளை வாசிக்கவில்லை. இன்று கண்ணாடி போட்டு வாசித்தேன். விசிட் விசா. வேலை ஒப்பந்தம் இல்லை.

"அங்க போனா மாத்திக் குடுப்பாராம், அக்கா."

பாஸ்போர்ட் ஏஜென்ட் கையில். அவனும் நம் சபைதான், முன் வரிசை.

போன வருஷம் லீலாவையும் இவன்தான் அனுப்பினான். அவளுக்கும் இப்படித்தான் ஜெபித்தோம். எட்டு மாதம் அங்கே ஒரு வீட்டில் பூட்டி வைத்திருந்தார்கள்; தப்பி ஊர் வந்து சேர்ந்தாள். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

செய்ய: போதகரைப் பார்க்க. பதிக்குப் போக. சிலிண்டர் சொல்ல.

போதகர்: "ஜெபம் கேட்டு வாறவங்கள எப்பிடிம்மா திருப்பி விட?"

"திருப்ப வேண்டாம் ஐயா. முதல்ல வாசிப்போம், பெறவு ஜெபிப்போம்."

லீலா பெயரைச் சொன்னதும், வியாழன் ஏஜென்ட் வீட்டுக்குத் தானும் வருவதாகச் சொன்னார். என்னிடமா வாதம்.

மதியம் பஸ்ஸில் அஞ்சுகிராமம். அங்கிருந்தும் இந்த ஏஜென்ட் ஆள் அனுப்புகிறான். அய்யாவழிக்காரர் கும்பிடும் பதியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி, கிறிஸ்தவ வேதக்காரி வந்திருக்கிறாள் என்று முகம் சுளிப்பார் என நினைத்தேன். மோர் கொடுத்தார்.

"இங்கயும் நாமம் இட்டுத்தான் அனுப்புதோம். இனி தாளப் பாக்காம இடமாட்டேன்."

வியாழன் அவரும் கூட வருவாராம். நடக்கும்.

ஜூன் 12, வியாழன்

ஏஜென்ட் வீடு. குழுப் பெண்கள் பதினொரு பேர், போதகர், அண்ணாச்சி.

"சபைக்காரனையே நம்பலியா?" என்றான்.

போதகர்: "நம்பித்தான் லீலாவ அனுப்பினோம். பாஸ்போர்ட்ட எடும்."

எடுத்தான். அங்கிருந்து நேரே போலீஸ் ஸ்டேஷன், குழுவோடு வந்த லீலாவே புகார் எழுதிக் கொடுத்தாள்.

புஷ்பத்திடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். "எனக்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியளே, அக்கா." பிடுங்கிக்கொண்டு போனாள். டிக்கெட் அவளிடம்தான் இருக்கிறது. நாளை ஏறிவிடுவாளோ என்று பயம்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். போதகர் அறிவிப்பு வாசித்தார்: வெளிநாடு போகிறவர்கள் தாளை முதலில் மகளிர் குழுவிடம் காட்ட வேண்டும், பிறகே ஜெபம். பதியிலும் சொல்லிவிட்டார்களாம். ஏஜென்டைக் காணோம்.

புஷ்பம் இருந்தாள். போகவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால், ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"சித்தி மவ. நாளைக்கு ஃப்ளைட்டு. இவளுக்க தாளையும் வாசிங்க."