தொப்பிக்காரனுக்குக் கேட்காதது

ஜூன் 4

என் வாயாடி மகளுக்கு,

இது நானே எழுதும் கடிதம். பக்கத்து வீட்டுக்காரர் கை இதில் படவில்லை. சுவர் இடிக்கப் போன காலத்தில் சம்மட்டிகூட இந்தப் பென்சில் அளவுக்குக் கனக்கவில்லை. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. முதியோர் வகுப்பு டீச்சர், "டிவில பார்த்ததைப் பத்திப் பொண்ணுக்கு எழுதுங்க தாத்தா" என்றார். நாம் இரண்டு பேரும் பார்க்கும் விஞ்ஞானத் தொடரைப் பற்றியே எழுதுகிறேன்.

இரும்புத் தொப்பி போட்டவனுக்கு அடுத்தவர் மனது கேட்கிறது. முதலாளி சிரித்துக்கொண்டே கை கொடுக்கிறான். மனதுக்குள் "நாயே" என்கிறான். இவன் அவன் காதைக் கடித்துத் துப்பிவிட்டான்! அப்புறம் நாற்காலியால் மண்டையில் ஒரே போடு. ரத்தம் கூரையில் தெறித்தது. நான் கை தட்டினேன். ஒரு குறை: மண்டை அப்படி ஒரே அடியில் பிளக்காது. மழையில் ஊறிய சுவரே மூன்று அடி கேட்கும்.

முழங்கால் வழி அப்படியே இருக்கிறது. ஏன் போன் செய்வதே இல்லை? பெற்றவனை மறந்துவிட்டாயா?

அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. இனிக் கடிதம்தான். நான் எழுதுவதை உங்கள் மாப்பிள்ளை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுகிறார். அவ்வளவு அக்கறை.

ஒரு திருத்தம். முழங்காலில் இருப்பது வலி, சின்ன ல. போவதற்கு இருப்பதுதான் வழி, சிறப்பு ழ. பத்து முறை எழுதுங்கள். இல்லாவிட்டால் முட்டி போட வைப்பேன்.

உங்கள் வாயாடி

ஜூன் 18

டீச்சரம்மாவுக்கு,

அடுப்படிச் சுவரில் கரியால் எழுதிவிட்டேன். நேற்றைய பகுதி பார்த்தாயா? தொப்பிக்காரன் ஒருவனை மாடியிலிருந்து உருட்டிவிட்டான். படிக்குப் படி எலும்பு நொறுங்கியது. பிரமாதம்!

அப்பா

ஜூன் 25

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. மாடிவீட்டுக்காரன் தன் பெண்டாட்டியின் தலையைச் சுவரில் மோதும்போது தொப்பிக்காரன் அதே படியில்தான் நிற்கிறான். எல்லார் மனதும் கேட்பவனுக்கு அவள் மனது மட்டும் ஏன் கேட்கவில்லை?

குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன். கவலைப்படாதீர்கள். இப்போது எனக்கு ஒரு வழியும் இல்லை.

மகள்

ஜூலை 9

என் வாயாடிக்கு,

ஜெயிலில் காகிதம் தருகிறார்கள். நீ உள்ளறையில் பூட்டிக் கிடந்ததால் அன்றைய பகுதியைப் பார்த்திருக்க மாட்டாய். நானே விமர்சனம் எழுதுகிறேன்.

வாசல் கதவு சம்மட்டிக்கு இரண்டாவது அடியில் விழுந்தது. மாப்பிள்ளை, "யோவ் கிழவா, இது எங்க குடும்ப விஷயம்" என்று அறைந்தார். என் பல் ஒன்று போனது. "ஒரு வழியும் இல்லன்னு எழுதியிருக்காளே" என்றேன்.

"வலி இல்லன்னுதானே எழுதினா? நான்தானே படிச்சு ஒட்டினேன்!"

"நானும் படிச்சேன் மாப்ள."

இனி அவன் என்றே எழுதுகிறேன். சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு வெறுங்கையால்தான் அடித்தேன். மூக்கு உடையும் சத்தம் டிவியில் வருவது போல இல்லை. பென்சில் ஒடிவது போல இருந்தது. உன் கையை முறித்த கையையும் முறித்தேன்.

நேற்று அவன் அண்ணன் வந்தார். "பொண்ணைத் திருப்பி அனுப்புங்க, கேஸை வாபஸ் வாங்கிடறோம்" என்கிறார். எனக்காக அங்கே திரும்பிப் போக நீ இந்நேரம் நம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாய். தொப்பி இல்லாமலே கேட்கிறது. மடித்ததைப் பிரித்து வை. அவன் மேல் நீ கொடுத்த புகாரையும் விடாதே.

இங்கே டிவி இல்லை, அதுதான் குறை. தொடர் எப்படி முடிந்தது என்று எழுது. உறையை நீயே ஒட்டு.

சிமெண்டுத் தரையில் படுத்து எனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. சின்ன ல. உனக்கு வழி இருக்கிறது. சிறப்பு ழ. பத்து முறை எழுது.

அப்பா