வினைகளுக்கு முன் ஒரு நிறுத்தம்

டேய்,

இன்று புது மிஷின் பெட்டியைப் பிரித்தோம். மரத்தூளும் கிரீஸும் கலந்த அந்த வாடை வந்ததும் உன் நினைவு வந்தது. வேலை குவிந்து கிடக்கிறது, உடம்பு அலுப்பு. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

முதல் ஜெர்மன் மிஷின் வந்த வருடம் நீயும் நானும் ரேணிகுண்டா ஃபாக்டரியில் புதிதாகச் சேர்ந்த டிப்ளமோக்காரர்கள். மொழி தெரிந்த ஒருவனை ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவோம் என்றார்கள். உங்கள் புத்தூர் சர்ச் பங்களா அலமாரியில் கிடந்த பழைய ஜெர்மன் இலக்கணப் புத்தகத்தை நீ தூக்கி வந்தாய். ஷிஃப்ட் முடிந்ததும் திருப்பதி பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் உட்காருவோம்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இது இன்னாடா மொழி? மூணு வினையைக் கொண்டாந்து கடைசில கொட்றான்!"

நீ சிரித்தாய். "நீ மட்டும் இன்னா பண்றே? 'ரிப்பேர் பண்ண வைக்க முடியும்'ங்கிறே. அவன் 'ஏன்னா'ன்னு ஆரம்பிச்சா, 'ரெபாரீரன் லாஸன் கான்'னு முடிக்கிறான். அதே மூணு, அதே வரிசை. பாதி நேரம் அவனும் தமிழன்தான்டா."

அதற்கப்புறம் எனக்கு அது ரயில் பெட்டி கோப்பது மாதிரி ஆகிவிட்டது.

தேர்வில் நீதான் முதல். பயணத்துக்கு முன் உடம்பைச் சோதிக்க மதராஸுக்கு அனுப்பினார்கள்; உன் நெஞ்சில் குழலை வைத்த டாக்டர் வெகுநேரம் அதை எடுக்கவில்லை. வெளியே வந்து, "வால்வு லீக்காம்டா. நீ ஃபிட்டர்தானே, மாத்திக் குடேன்" என்றாய். நான் சிரிக்கவில்லை. உன் இடம் எனக்கு வந்தது.

நீ அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. முன்னைவிட அதிக நேரம் என்னைப் பாடத்துக்கு உட்காரவைத்தாய்.

"போதும்டா, ஊட்டுக்குப் போய்ப் படு."

"நீ அங்க போய் முழிச்சிக்கினு நின்னா மானம் எனக்குத்தான் போவும். சொல்லு."

நீ சொல்வாய், நான் திருப்பிச் சொல்வேன். எழுதிப் படித்ததெல்லாம் மறந்துபோனது. காதில் விழுந்தது மட்டும் நின்றது.

நான் அங்கே இருக்கும்போதே நீ போய்விட்டாய். உன் நைனா தந்தி அடித்தார். அடக்கத்துக்கு வர வழியில்லை.

மிஷினோடு வந்திருக்கும் ஜெர்மன்காரன் இன்று கேட்டான்: "நன்றாகப் பேசுகிறாய். கடைசியில் வினைகள் வரும்போது மட்டும் ஏன் நின்றுவிடுகிறாய்? எங்களில் யாரும் அப்படி நிறுத்துவதில்லையே."

நிறுத்துவதுதான் முறை என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பெட்டி ஆணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. அது நீ மூச்சு வாங்கிய இடம். நீள வாக்கியத்தில் அதுவரை வந்ததும் உனக்கு மூச்சு தீர்ந்துவிடும். இழுத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துச் சொல்வாய். அதையும் மொழி என்றே படித்திருக்கிறேன்.

சுலபமாகத் திருத்திக்கொள்ளலாம் என்றான் ஜெர்மன்காரன். உண்மைதான். தனியாகச் சொல்லிப் பார்த்தேன், ஒரே மூச்சில் வருகிறது. மதியம் அவனிடம் மறுபடி பேசவேண்டி வந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டுதான் முடித்தேன்.